நான்காவது தூணைக் கழுவியவர்கள்

எங்கள் கோயிலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தேவாலயம் என்று எழுத வேண்டும். ரங்கூனில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். நகர நடுவே கியாக்டடா பேட்டையில் ஒரு கப்பல் ஆபீசில் எனக்கு வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவர்களைப் பிடித்துவைத்துக் கதை சொல்வது என் பொழுதுபோக்கு. யாரும் கேட்டதில்லை, நானாகவே சொல்வேன்.

எண்ணூறு வருஷத்துக்கும் முன்னால் பிரான்சில் பிறந்த கோதிக் பாணி இது என்று ஆரம்பிப்பேன். அரைவட்ட வளைவு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளும். கூர்முனை வளைவு அதைக் கீழே இறக்கும். அதனால்தான் சுவரைக் குறைத்து அந்த இடத்தில் வண்ணக் கண்ணாடி வைக்க முடிந்தது. மேலே விலா எலும்பு மாதிரி ஓடுகிற பட்டைகள் எல்லாம் வந்து இறங்குவது இந்தத் தூண்களின் தலையில். வெளிச்சுவர் செங்கல், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நிற்கும் தூண்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்த கல். இதோ, கல்லோடு கல் சேருகிற கோடு தெரிகிறது பாருங்கள் என்று விரலால் தடவிக் காட்டுவேன். அப்பா எனக்குச் சொன்னதை நான் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

இடப்பக்கம் நான்காவது தூண் எங்களுடையது. தமிழ்க் குடும்பங்கள் அதைச் சுற்றித்தான் உட்காருவோம். திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, வீட்டைக் கழுவிவிடுவதுபோலவே, வாளியில் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்து அந்தத் தூணின் அடியைத் தேய்த்துக் கழுவுவோம். திருஷ்டி படாது, பூச்சி அண்டாது. கல்தானே, தண்ணீர் என்ன செய்துவிடும்? இருபது வருஷமாக அந்த வேலைக்கு நான்தான் நாட்டாமை.

சில வருஷங்களாக அந்தத் தூணில் ஓர் அதிசயம். மழைக்காலம் முடிந்து வெயில் வந்ததும் அடிப்பக்கத்தில் வெள்ளையாக, மிருதுவாக ஒரு தூள் பூக்கும். வேறெந்தத் தூணிலும் கிடையாது. மாதா இறக்கிய அருள் என்றார்கள், நானும் சொன்னேன். காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் நெற்றியில் பூசினோம். ஊர்க்கோடி இன்சீனிலிருந்து, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் ஏறி வந்து காகிதத்தில் மடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. என் கணவர் சிறுநீரகம் கெட்டு, உப்பில்லாக் கஞ்சியோடு ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களைக் கழித்தபோது தினமும் நான் கொண்டுபோனேன். தூள் கூடக் கூட, நன்றிக்கு நாங்களும் உப்பைக் கூட்டினோம். போன திருவிழாவுக்கு மூன்று வீசை, கிட்டத்தட்ட ஐந்து கிலோ.

பர்மாவையே உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊரில் பழைய கட்டடங்களைச் சோதித்தார்கள். எங்கள் கோயிலுக்கு வந்தது ஒரு பர்மியப் பெண் என்ஜினியர். என் மகள் வயதிருக்கும். வரலாறு சொல்லப் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டிருந்தார். கப்பலில் வந்த கல் வரைக்கும் அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு நான்காவது தூணின் முன்னால் குந்தி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நான் விரலால் தடவிக் காட்டிய அதே கோட்டில் வைத்து அழுத்தினாள். புட்டில் விரல் இறங்குவதுபோல் அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

அவள் வெளியே இழுத்ததும் ஒரு பாளம் பூச்சு கழன்று விழுந்தது. உள்ளே செங்கல். செங்கல் என்றுகூடச் சொல்ல முடியாது, சிவப்பு மாவு. கல் சேருகிற கோடுகள் எல்லாம் சுண்ணாம்புப் பூச்சில் கீறி வண்ணம் தீட்டியவை. இந்த ஆற்று வண்டல் ஊரில் கல்லுக்கு எங்கே போவது ஆன்ட்டி, அந்தக் காலத்தில் நிறையப் பேர் செய்தது இதுதான் என்று பர்மிய மொழியில் சமாதானமாகச் சொன்னாள். அப்புறம் அந்த வெள்ளைத் தூளைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினாள்.

“இது உப்பு. செங்கலுக்குள்ள போய் காஞ்சு காஞ்சு ஒடைச்சிருக்கு. மத்த தூணெல்லாம் நல்லா இருக்கு. இதுல மட்டும் யாரு உப்புத் தண்ணி ஊத்துனது?”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இத்தனை பட்டைகளின் பாரமும் இதன் தலையில்தான் இறங்குகிறது, இது உட்கார்ந்தால் மேல்கூரை அப்படியே வந்துவிடும் என்று அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். எனக்கே பாடம். இரும்புக் குழாய்களை முட்டுக்கொடுத்து, எங்கள் பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்தார்கள். தூண் பிழைக்குமா என்று கேட்டேன். இனி ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தால் பார்க்கலாம் என்றாள்.

இந்த வருஷமும் திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை பெண்கள் வாளியும் உப்புமாக வந்தார்கள். நிலநடுக்கத்தில் பழுதாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத்தான் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தேன். ஆனால் அப்படிச் சொன்னால், கயிறு அவிழ்ந்த மறுநாளே யாராவது உப்பைக் கரைப்பார்கள். அதனால் உள்ளதைச் சொன்னேன். கல் இல்லை, செங்கல். கெடுத்தது நிலநடுக்கம் இல்லை, நாம்தான்.

ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினிலிருந்து வரும் ஒருத்தி, மகளுக்குக் காய்ச்சல் இறங்க நேர்ந்துகொண்டவள், மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப எம்புள்ள நெத்தியில பூசுனது என்னாக்கா?”

“நாம ஊத்துன உப்புதான்மா.”

அவள் கையிலிருந்த உப்புப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. நெற்றியில் பூசியது போதாதென்று ஒருநாள் என் கணவரின் நாக்கிலும் ஒரு சிட்டிகை வைத்தேன். உப்பு மாதிரி இருக்குடி என்றார். விசுவாசம் கெட்ட மனுஷன் என்று திட்டினேன். மறுநாளிலிருந்து, நான் பொட்டலத்தைப் பிரித்ததும், ஒன்றும் சொல்லாமல் வாயைத் திறந்தார்.