ஆறாவது கடவுச்சீட்டு

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபது. அந்த நேரத்தை நான் ஊகித்துச் சொல்லவில்லை. நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குப் போக வேண்டிய கவரை லோஞ்ச் படகுக்காரரிடம் கொடுத்தபோது, பதிவுப் புத்தகத்தில் நானே எழுதிய நேரம் அது.

திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கப்பலில் ஏறும் மாலுமிகளின் கடவுச்சீட்டுகளை வாங்கி, குடிவரவு முத்திரை போடுவித்து, கப்டனிடம் அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

அன்று மதியம் ஒரு மணிக்கு நானும் கணவரும் மகளும் வாடகை வான் ஒன்றில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட இருந்தோம். மறுநாள் காலை கோலாலம்பூர். பிரான்சிலிருந்து மகனும் அங்கே வந்துவிடுவான். அகதி அந்தஸ்து பெற்ற பிள்ளை ஊருக்குத் திரும்ப முடியாது; எங்களுக்கு அவனிடம் போக விசா கிடைக்கவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் இப்படித்தான் மூன்றாவது நாடொன்றில் சந்தித்துக்கொள்கின்றன. அயலில் கேட்டால் விடுமுறைக்குப் போகிறோம் என்போம். நான் அவனைத் தொட்டு ஒன்பது வருடமாகிவிட்டது. அவன் சமைக்கும் உணவகத்தில் கொடுத்த லீவில் அவன் அங்கே நிற்கக்கூடியது சனி காலையிலிருந்து செவ்வாய் மாலை வரை மட்டும். இதற்கு முன் இரண்டு தரம் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வைத்தவள் நான்தான். ஒருமுறை கோதுமைக் கப்பல், மறுமுறை சீமெந்துக் கப்பல்.

"இண்டைக்கும் வேலைக்குப் போகத்தான் வேணுமோ?" என்று கணவர் காலையில் கேட்டார். "உம்மட கதிரையில வேற ஆள் இருந்தா கப்பல் ஓடாதோ?"

"பன்னிரண்டுக்கு வந்திடுவன். ஐஞ்சு பேர்தான் ஏறுறாங்கள்."

எங்கள் மூவரின் கடவுச்சீட்டுகளையும் கைப்பையில் கொண்டுபோனேன். நகல் எடுத்து வைப்பது நல்லது என்று மகள் சொல்லியிருந்தாள்; கந்தோரில் இயந்திரம் இருந்தது.

மாலுமிகள் ஐந்து பேரும் இலங்கையர். எங்களுடையதும் அவர்களுடையதும் ஒரே நிற அட்டை. எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் உண்டு: கவருக்குள் போடும்போதுதான் கடவுச்சீட்டுகளை எண்ண வேண்டும், அதுவும் வாய்விட்டு. புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். அன்று நகல் எடுப்பதற்கு முன்பே எண்ணி முடித்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து ஒவ்வொன்றாக நகல் எடுத்தேன்.

"அக்கா, கப்டன் பதினொரு மணிக்கே வெளிக்கிடப் போறாராம். கவர் ஒட்டியாச்சோ?" முகாமையாளர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அள்ளி, ரப்பர் வளையம் போட்டு, கவரை ஒட்டினேன். மீண்டும் எண்ணவில்லை.

லோஞ்ச்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், நெடுநாள் பழக்கம்; அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். "மிஸ், மலேசியாவுல எனக்கொரு தொப்பி எடுத்துட்டு வாங்க. சின்னதா எடுத்திராதீங்க, தல பெரிசு," என்று சிரித்துவிட்டு லோஞ்சில் இறங்கினார்.

பன்னிரண்டே முக்காலுக்கு வான் வாசலில் நின்றது. கணவர் கடவுச்சீட்டுகளைக் கேட்டார். பைக்குள் இரண்டுதான் இருந்தன. அவருடையதும் மகளுடையதும்.

லோஞ்ச்காரரைப் போனில் அழைத்தேன். "நானா, கப்பல் நிக்குதோ?"

"அது வெளிச்சவீட்டத் தாண்டிட்டு மிஸ். நம்மட லோஞ்ச் அதுக்கங்கால போகாது." காரணத்தைச் சொன்னேன். "அல்லாவே," என்றார்.

கந்தோர் மூலம் கப்டனை ரேடியோவில் பிடித்தோம். கவருக்குள் ஆறு இருக்கிறது, ஆறாவது ஒரு பெண்ணுடையது என்றார். அடுத்த துறைமுகம் சிட்டகாங். போய்ச்சேர நான்கு நாள். அவசரமாகப் புதிய கடவுச்சீட்டு எடுக்கலாமா என்று முகாமையாளர் யார் யாரையோ கேட்டார். சனி, ஞாயிறு, திங்கள் போயா விடுமுறை. கொழும்பில் செவ்வாய்தான் திறப்பார்கள். அன்று மாலை மகன் திரும்பிப் பறந்துவிடுவான்.

"அப்ப நானும் போகேல்லை," என்றாள் மகள்.

"விசர்க்கதை கதையாதை. ஏறு," என்றேன்.

கணவர் என்னைத் திட்டியிருக்கலாம்; திட்டவில்லை. அவர் என் பெட்டியைத் திறந்து, மகனுக்காக நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளையும் கருவாட்டுப் பொதியையும் எடுத்து, தன் உடுப்புகளை விலக்கி இடம்பண்ணி வைத்தார். "நான் அவனுக்குச் சொல்லுறன்," என்றார்.

"என்னெண்டு சொல்லுவீங்கள்?"

அவர் பெட்டியைப் பூட்டினார்.

சனிக்கிழமை மகன் வீடியோவில் வந்தான். "பரவாயில்லையம்மா, கப்பல் வேலை எண்டா அப்பிடித்தானே." அவனுக்குப் பின்னால் மகள் எதையோ சாப்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள். கணவரின் கை அவன் தோளில் இருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஒன்பது வருடமாகப் போனில் கேட்கும் அதே கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை முகாமையாளர் அழைத்தார். "அக்கா, நீங்கள் இங்கதானே நிக்கிறீங்கள். ஒருக்கா வந்திட்டுப் போக ஏலுமோ?"

போனேன். வீட்டில் தனியே இருக்க முடியவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இன்னொரு கப்பலுக்கான கடதாசிகளை அடுக்கினேன். ஒவ்வொன்றையும் மூன்று தரம் எண்ணினேன்.

புதன்கிழமை மதியம் வான் வந்து நின்றது. கணவர் வெளியில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணாக்கு என்னில கோவமோ?" என்று கேட்டேன்.

"சீ, இல்லையம்மா. அவர் போன மாசம் ஹோட்டல் அறை போடேக்கையே மூண்டு பேருக்குத்தான் போட்டவராம். அப்பா, நான், அவர். அம்மா எப்பிடியும் வரமாட்டா எண்டு சொல்லிச் சிரிச்சவர்."