அஞ்சலை கேசட்டில் காலி இடம்

போன சனிக்கிழமை கிள்ளானில், என் நண்பர் முத்தையாவின் கேசட் கடைக்குப் போனேன். மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

"அஞ்சலை கேசட் திரும்பி வந்துக்கிட்டே இருக்குய்யா! நடுவுல நடுவுல சத்தம் போயிடுதாம்."

அஞ்சலைக்கு சுங்கை வே பக்கம் ஃபேக்டரி வேலை. கல்யாணம், திருவிழா என்றால் கும்மிப் பாட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரைப் பாடவைத்து முத்தையா ஒரு கேசட் போட்டார். பத்துப் பாட்டு. ஆறு, ஊரறிந்த பழைய பாட்டு. நாலு, அஞ்சலையே கட்டியது.

ரெக்கார்டிங் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மாடியில். நானும் போயிருந்தேன் — டீ குடிக்கத்தான், வேறெதற்கு? ஆறு பாட்டும் ரேடியோவில் கேட்டுப் பழகியவை, மளமளவென்று முடிந்தன. சொந்தப் பாட்டில்தான் வம்பு. ஒரு வரி பாடுவார்... நிறுத்துவார். அடுத்த வரி... மறுபடி நிறுத்துவார்.

"என்னம்மா, மறந்துட்டியா?" என்றார் முத்தையா.

"நான் ஏண்ணே மறக்கிறேன்? கும்மியில நான் ஒரு வரி பாடினா சுத்தி நிக்கிறவங்க திருப்பிப் பாடணும். அது அவங்க இடம்."

"இங்க யாரு நிக்கிறா? வயலின் போட்டு ரொப்பிடலாம்லா!"

"வயலினா வந்து கும்மியடிக்கும்?"

பிடித்த பிடியை விடவில்லை. காலி இடத்தோடேயே கேசட் வெளிவந்தது. எனக்கும் அது வீண் பிடிவாதமாகத்தான் பட்டது. வாயைத் திறக்கவில்லை... நமக்கேன் வம்பு?

இப்போது முத்தையா முடிவெடுத்துவிட்டார். அடுத்த தடவை கேசட் அடிக்கும்போது அந்த நாலு பாட்டும் கிடையாது. ஷிஃப்ட் முடிந்து நேரே கடைக்கு வந்த அஞ்சலையிடம் அதைச் சொன்னார்.

"என்னோடதுன்னு இருக்கிறது அந்த நாலுதாண்ணே" என்றார் அஞ்சலை. எனக்கே சங்கடமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, பாசாரில் காய்கறி வாங்கிய கூடையோடு நுழைந்தார்.

"பாஸ், இந்த கேசட் கெட்டுப்போச்சு. மாத்திக் குடுங்க."

கேட்டாயா என்பதுபோல் முத்தையா அஞ்சலையைப் பார்த்தார். கையோடு கேசட்டை மெஷினில் போட்டார். அஞ்சலையின் குரல் ஒரு வரி பாடியது. நின்றது.

அந்த அம்மா, கூடையில் சரிந்த கீரையை ஒதுக்கிக்கொண்டே, அந்த வரியைத் திருப்பிப் பாடினார்! அடுத்த வரி வந்தது... அதையும். மூன்றாவதற்குக் கூடை தரைக்குப் போய்விட்டது, கை தட்டல் ஆரம்பம். வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டபோதுதான் கெட்டுப்போனதாகப் பட்டதாம். இங்கே நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் ஆளும் இருந்தது. கேசட் வந்ததிலிருந்து நாமெல்லாம் பாட்டை உட்கார்ந்து கேட்கிற ஜாதி ஆகிவிட்டோம், இல்லையா?

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாத்தணுமாக்கா?" என்றார் முத்தையா, குரல் இறங்கி.

"வேணாம் பாஸ்."

முத்தையா அஞ்சலை பக்கம் திரும்பினார். "சரிம்மா, பத்தும் இருக்கட்டும்."

பக்கத்தில் நிற்பது யாரென்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிச் சொன்னார்:

"பாடின அக்காகிட்ட சொல்லுங்க பாஸ், இன்னும் கொஞ்சம் இடம் விடணும்... எங்களுக்கு மூச்சு வாங்குதுலா!"