சாமிக்கு வைத்த புத்தகம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதைப் புத்தகம் இருக்கிறது. அரசர் கதை. அட்டையில் காய்ந்த சந்தனப் பொட்டு. உள்ளே ஊசி ஓட்டைகள்.

அப்போது எனக்குப் பதினேழு. கிள்ளானுக்குப் பக்கத்தில் காப்பாரில் இருந்தோம். பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றுவிட்டு, கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவன் இரண்டு வீதி தள்ளி இருந்தான். மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை. எப்போதும் அந்த நீலச் சட்டைதான்.

புத்தகத்தைக் கிள்ளானில் பழைய கடையில் வாங்கினான். அந்தக் கதையில் ஓர் அரண்மனைப் பெண், எதிரி ஒற்றனுக்கு ஓலையில் முள்ளால் குத்திச் சேதி அனுப்புவாள். நாங்கள் ஊசியால் குத்தினோம். வேண்டிய எழுத்துகளின் மேல் ஒவ்வொரு ஓட்டை. பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சேதி தெரியும். அரசர் கதையில் 'ஸ்டேஷன்' என்று குத்த எழுத்துக் கிடைக்காது. அதனால் கிள்ளான் ஸ்டேஷனுக்குக் 'கோட்டை' என்று பெயர் வைத்தோம்.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தது, வாங்கிப் போனது எல்லாம் என் அம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அதே புக்குதானே இது? ராஜா இன்னும் சாகலயா?"

"பெரிய கதைம்மா."

"இழுத்துக்கிட்டே போறான். சரி, படி. வெளிய சுத்துறதுக்கு இது பெட்டர் லா."

செந்தூலில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். நாங்கள் சிங்கப்பூர் போய்விடுவது என்று பேசி வைத்தோம். எந்த நாள் என்று புத்தகத்தில் குத்தி அனுப்புவதாகச் சொன்னான். தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த பெட்டியில் இரண்டு செட் துணி ஒளித்து வைத்திருந்தேன்.

சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது.

"ஆன்டி, புக்க குடுத்துருங்க. இன்னைக்கே படிக்கச் சொல்லுங்க. நல்ல இடம் வருது."

"ராஜா செத்துட்டானா?"

"அதான் சஸ்பென்ஸ்."

சிரித்துவிட்டுப் போய்விட்டான். நான் ஜன்னலில் முதுகை மட்டும் பார்த்தேன்.

அம்மா புத்தகத்தை என்னிடம் தரவில்லை. சாமி முன்னால் என் பழைய பள்ளிப் புத்தகங்கள், தையல் மெஷின், அப்பாவின் ஸ்பானர் எல்லாம் அடுக்கி இருந்தன. அவற்றின் மேல் இதை வைத்துப் பொட்டும் வைத்தார்.

"ம்மா, அது..."

"நாளைக்குப் பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொட்டா படிப்பு போயிரும்."

அவனுக்கு இது தெரியாது. அவன் வீட்டில் புத்தகமே கிடையாது. அங்கே பூஜை என்றால் மோட்டாருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவதுதான்.

எடுத்திருக்கலாம். அம்மா குளிக்கப் போனபோது கூட எடுத்திருக்கலாம். கைதான் போகவில்லை. எனக்குப் படிப்பே இல்லை. இருந்தும் படிப்பு போய்விடும் என்று பயம். ஒரு நாள்தானே என்று விட்டேன்.

மறுநாள் பூஜை முடிந்து பத்து மணிக்குப் புத்தகம் கைக்கு வந்தது. அடுப்படி ஜன்னலில் பக்கத்தைப் பிடித்தேன்.

நாளை காலை ஏழு. கோட்டை.

பஸ் பிடித்து ஓடினேன். ஸ்டேஷனில் கச்சான் கடலை விற்கிறவர் மட்டும் இருந்தார். கோலாலம்பூர் போகிற ரயில் மேடை காலி.

மூன்றாம் மாதம் சிங்கப்பூரிலிருந்து அவன் உடம்பு வந்தது. கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். அம்மாவோடு துக்கத்துக்குப் போனேன். அவன் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"யாரோ வரேன்னாங்களாம்க்கா. வரலயாம். அதான் தனியா வந்துட்டேம்மான்னு போன்ல சொன்னான். யாருடான்னு கேக்காம விட்டுட்டேனே."

அம்மா தலையை ஆட்டினார். அவன் நான் படித்துவிட்டுத்தான் வரவில்லை என்று நினைத்திருப்பான். அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது.

தையில் செந்தூலுக்குக் கல்யாணம் ஆகிப் போனேன். நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது கிள்ளானில் இருக்கிறோம். எனக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை. தினமும் அதே ஸ்டேஷனில் காலை ஏழு மணி ரயில். எதிர்ப் பக்கம்தான் கோலாலம்பூர் ரயில் மேடை. அங்கே நான் பார்ப்பதில்லை. பார்த்தால் சில நாள் நீலச் சட்டை தெரியும், முதுகு மட்டும்.

மகளுக்கு இப்போது பதினேழு. போன வருடம் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"ம்மா, ஓட்ட ஓட்டயா இருக்கு. பூச்சியா?"

"பூச்சிதான்."

இந்த வருடச் சரஸ்வதி பூஜைக்கு அவள் புத்தகங்களை அடுக்கினேன். பழைய புத்தகத்தையும் வைத்தேன். அவள் அதன் மேல் தன் கைப்பேசியை வைத்தாள்.

"இதுலதானே பாடமே நடக்குது."

அதற்கும் பொட்டு வைத்தேன். சூடம் காட்டும்போது அது அதிர்ந்தது. பூ சரிந்தது. மறுபடியும் அதிர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எடுத்துப் பாரு."

"நாளைக்குத்தானே எடுக்கணும்? நீங்கதானே வருஷா வருஷம் சொல்வீங்க?"

"எடு."

எடுத்துக்கொண்டு கேட் பக்கம் போனாள். யாரென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு ஸ்டேஷனில் நின்றேன். அன்றைக்கு எதிர்ப் பக்கம் பார்த்தேன். என் ரயில் வந்து மறைக்கும் வரைக்கும் பார்த்தேன்.