அழித்துவிட்ட கை

ஹட்டனில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு இன்று காலை பொகவந்தலாவையிலிருந்து ஓர் அக்காவும் அவர் மகளும் வந்தார்கள்.

போன வருடம் அக்காவின் கணவர் இறந்தபோது, மாலை போட்டு வைக்கும் படத்தை நான்தான் செய்து கொடுத்தேன். மகளின் தோளில் கைபோட்டு அவர் நின்ற படம் அது. மகளையும் அந்தக் கையையும் அழித்துவிட்டு, பின்னால் நீல வானம் வைத்தேன்.

"தம்பி, போன் தண்ணியில விழுந்து எல்லாம் போச்சு. நாங்க மொதல்ல குடுத்த போட்டோ இருந்தா குடுங்க. இவ கேட்டுக்கிட்டே இருக்கா," என்றார் அக்கா.

தேடினேன். வானத்தோடு அவர் மட்டும் இருந்தார்.

கணினியில் மகள் இருந்த பகுதியைத் தனி லேயராக, அதாவது தனி அடுக்காக, மறைத்து வைத்திருந்தால், ஒரு கிளிக்கில் திரும்பியிருப்பாள். நானோ எல்லா லேயரையும் ஒன்றாக்கி, அசல் படத்தின் மேலேயே சேமித்திருந்தேன்.

"வேற போட்டோவுலேருந்து ஒரு கைய எடுத்து ஒட்டித் தரவா தங்கச்சி?"

"வேணாங்கண்ணே. அது அப்பா கை இல்லையே."

"பரவாயில்ல தம்பி," என்று அக்கா என்னைத் தேற்றினார். திட்டியிருக்கலாம்.

என்னிடம் படம் திருத்தக் கொடுத்தவர்களே, அசல் உங்களிடம் இருக்கிறதா? என்னிடம் இருக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள்.