தொண்ணூறு கிலோ பொரி

போன வாரம் சிதம்பரம் மேல வீதிக் கடையொன்றில் ஒரு பொரிப் பாக்கெட் வாங்கினேன். குழந்தைக்கு வைக்கும் தலையணை அளவு இருந்தது. எடை இருநூறு கிராம் என்று அச்சடித்திருந்தார்கள். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். கல்லாவில் இருந்த பெண் என்ன நினைத்தாளோ. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

டிப்ளமோ முடித்த கையோடு கடலூரில் ஒரு பம்ப் பட்டறையில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பத்தொன்பது ஆண்களும் நானும். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தாலே கட்டிங் ஆயில் வாசனை வந்துவிடும். இன்றைக்கும் அந்த வாசனை பட்டால் எனக்குப் பசிக்கும். டிபன் பாக்ஸை எண்ணெய் டின்களுக்கு நடுவில்தான் வைத்திருந்தேன்.

ஸ்டோருக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. எல்லாச் சரக்கையும் கிலோவில்தான் ஏற்ற வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எண்ணெய் லிட்டரில் வரும், வார்ப்பு மணல் பக்கெட்டில் வரும். ஒவ்வொன்றையும் அளந்து, நிறுத்து, சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன். எண்ணெய் லிட்டருக்குக் கிலோ வராது, நூறு கிராம் குறையும். மணல் ஈரமானால் கணக்கே வேறு. அதில் ஒரு தப்பு கிடையாது. தலைக்கனம் ஏற அது போதாதா?

ஆயுத பூஜை வந்தது. ஆளுக்கு ஒன்றரைப் படி பொரி கொடுத்தனுப்புவது பட்டறை வழக்கம். நாற்பது பேருக்கு அறுபது படி. கம்ப்யூட்டருக்குப் படி தெரியாது. வீட்டில் ஒரு படி அரிசியை நிறுத்துப் பார்த்தேன், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பொரியும் அரிசிதானே? சேத்தியாத்தோப்பு வியாபாரிக்குப் போன் செய்தேன்.

"தொண்ணூறு கிலோவாம்மா? நெசமாத்தானா?"

"கணக்குப் போட்டுத்தாங்க சொல்றேன்."

படித்த பெண் சொல்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

பூஜையன்று காலை வண்டி வந்தது. பத்து மூட்டை, ஒவ்வொன்றும் என் தோள் உயரம். லேத் முனுசாமி அண்ணன் ஒரு மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அறுபது படிப் பொரி எட்டு ஒன்பது கிலோவைத் தாண்டாது.

என் வேலை நிரந்தரமாக இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் அளவு மாற்றி போல்ட் வாங்கியதற்கே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்றால் மூட்டை இடித்துக் கதவு சாத்தவில்லை. திறந்த கதவோடு அழுதேன்.

மேனேஜர் வந்து நின்றார். "யாரு சொல்லி இவ்ளோ வாங்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் முனுசாமி அண்ணன் முந்திக்கொண்டார். "நான்தான் சார். தேவனாம்பட்டினத்துல மச்சான் வூட்ல புள்ளைங்க ஜாஸ்தி. சேத்து வாங்கச் சொன்னேன்."

"நானும் சொன்னேன் சார், எங்க தெருவுக்கே குடுக்கணும்னு" என்றார் பெயிண்ட் அடிக்கும் அந்தோணி.

"என்னையும் சேத்துக்குங்க சார்" என்றார் வெல்டர். அவருக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

"ஏன்யா, பொரி வாங்க மூணு பேரா சொன்னீங்க?" மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரே ஒரு மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அன்று ஹெல்மெட்டில், தூக்குவாளியில், ஸ்கூட்டர் டிக்கியில் எல்லாம் பொரி போனது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையிலும் பொட்டலம். அப்படிச் சிரித்த பூஜை என் வாழ்க்கையில் இன்னொன்று இல்லை. பத்தாம் நாள் வேலையும் நிரந்தரமானது.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அண்ணன்கள் ஆளுக்கொரு ஊர். நான் ஒரு பெரிய கம்பெனியில் கொள்முதல் பார்க்கிறேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் லிட்டரைக் கிலோ என்று ஏற்றிவிட்டாள். விசாரிக்கக் கூடிய கூட்டத்தில், ஏற்றியது யார், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் உடனே திரையில் வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து, "நான்தான் சொன்னேன்" என்றேன்.

"உங்க பேரு இதுல வரலியே மேடம்" என்றார்கள்.