கம்பளிப்புழு வந்த ஆவணி

போன வாரம் மகன் வீட்டுக் கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட ஆள் வந்திருந்தார். மூட்டையைப் பிரித்து வாளியில் வெள்ளைப் பொடியைக் கொட்டினார். என்ன பொடி என்று கேட்டேன். "ஜிப்சம் சார்" என்றார். எனக்கு அதைக் கூரையில் பார்த்துப் பழக்கமில்லை. "இது கடலைக்குப் போடுறதும்மா" என்று மருமகளிடம் சொன்னேன். "கடலுக்கா மாமா?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் வளர்ந்தது அண்ணாநகரில்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். எழுபதுகளில் நெய்வேலி சுரங்கத்தில் பம்ப் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் குழப்பம் தந்தது சுரங்கமல்ல, பேச்சு. நிலக்கடலை எங்கள் ஊரில் கடலை, அங்கே மல்லாட்டை. எங்களுக்குக் கொல்லை என்றால் வீட்டுக்குப் பின்பக்கம், அவர்களுக்கு அது மானாவாரி நிலம். "கொல்லைக்குப் போயிட்டு வரேன் சார்" என்று கூட வேலை பார்த்த கோவிந்தன் சொன்னபோது, வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸில் வீட்டுக்கு முன்னும் பின்னும் இடம் விட்டிருப்பார்கள். என் மனைவி சரோஜா அதில் கத்தரி நட்டாள். ஊரிலேயே யூரியா தயாரான காலம். கையில் இருக்கிறதே என்று நான் தாராளமாகப் போட்டேன். கத்தரிச்செடி என் இடுப்பு உயரத்துக்குக் கருகருவென்று வளர்ந்தது. காய்தான் இல்லை. எங்கள் பிளாக்கில் அதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

இவ்வளவு விவசாய ஞானத்தோடுதான் கோவிந்தன் கேட்டதும் கூட்டுக்குச் சரி என்றேன். மந்தாரக்குப்பம் தாண்டித் தெற்கே அவன் ஊர். அவன் கான்ட்ராக்டில் இருந்தான். அவனும் அவன் பெண்டாட்டி பூங்காவனமும் ஒரு ஏக்கர் செம்மண் கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். விதையும் உரமும் நான், பாடு அவர்கள், விளைச்சலில் பாதிப் பாதி. அதுவரை அவர்கள் குடும்பத்தில் யாரும் சொந்தமாக எதையும் விதைத்ததில்லை. பூங்காவனம் பத்து வயதிலிருந்து அடுத்த கொல்லைக்காரர் கலியபெருமாளிடம் களை எடுத்தவள். நாற்று, அறுப்பு, மல்லாட்டை ஆய்வது, எல்லாம் அவர் வீட்டு வேலை. அவரை "ஆண்ட" என்றுதான் கூப்பிட வேண்டும், எசமான் என்கிற மாதிரி.

ஆடியில் எரு அடித்து மல்லாட்டை விதைத்தோம். நல்ல மழை. இரண்டு வாரம் போயிருக்கும், காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகும்போது டவுன்ஷிப் தெருவிளக்குகளுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக அந்துப்பூச்சிகள் குவிந்து கிடந்தன. சக்கரம் ஏறினால் நறநறவென்றது. இதைக் கோவிந்தனிடம் சொன்னேன். அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். மறுநாள் பூங்காவனம் கொல்லையில் இறங்கிவிட்டாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்துப்பூச்சியின் முட்டைக் குவியல் இருக்கும் இலையைக் கிள்ளி மடியில் போட்டு, எரித்தாள். வாராந்தர லீவு நாளில் நானும் சரோஜாவும் போய்க் கிள்ளினோம். மூன்றாவது வரிசையிலேயே எனக்கு முதுகு போய்விட்டது. சரோஜா என்னை வேப்பமர நிழலுக்கு அனுப்பிவிட்டாள்.

கலியபெருமாள் கொல்லையில் கிள்ள ஆளில்லை. இளவட்டமெல்லாம் சுரங்கத்துக் கான்ட்ராக்டுக்குப் போய்விட்டது. அவர் வந்து, "ஏ பூங்காவனம், ரெண்டு நாளு வந்து கிள்ளிக் குடு" என்றார். "எங்க கொல்ல முடியட்டும், வரேங்க" என்றாள் அவள். ஆண்ட என்று சொல்லவில்லை. அவர் அவளைப் பார்த்துவிட்டுப் போனார். அதோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது.

ஆவணியில் கம்பளிப்புழு வந்தது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். விரல் நீளம், உடம்பெல்லாம் செம்மயிர். ஒரு கொல்லையைத் தின்று முடித்ததும் மொத்தமாக அடுத்ததுக்கு நடக்கும். தரையே நகருகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு முதல் ஷிப்ட் முடிந்து நான் சரோஜாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கலியபெருமாள் கொல்லையில் ஈர்க்குதான் மிச்சம். புழு எங்கள் வரப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எங்கள் செடியில் மஞ்சள் பூ.

வழியில் கால்வாய் வெட்டி, விழுகிற புழுவுக்கு பி.எச்.சி. மருந்துப் பொடி தூவ வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் பக்கம் ஏற்கெனவே மொட்டை, அங்கே வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. பூங்காவனம் போய்க் கேட்டாள்.

"என் கொல்லையில நீ மம்முட்டி வெக்கிறதா?" என்றார் கலியபெருமாள். "நேத்து வரைக்கும் இதுல களையெடுத்துகினு இருந்தவ நீ."

"ஏங்க, உங்க கொல்லைய முடிச்சிகினு எங்களுதுக்கு வருதுங்க. புழுவுக்கு யாரு கொல்லன்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியும். போ."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க சும்மா இருங்க சார், உங்ககிட்ட சரின்னுடுவாரு. அது எனக்கு வேணாம்" என்றாள் பூங்காவனம். திரும்பி வந்தாள். வரப்புக்கு இந்தப் பக்கம், எங்கள் பக்கம், பூத்து நின்ற முதல் மூன்று வரிசையைக் கையாலேயே பிடுங்க ஆரம்பித்தாள். சரோஜா "ஏட்டி, பூத்த செடி!" என்று கத்தினாள். "பூத்ததுதான்க்கா. நட்டவளுக்குத் தெரியாதா?" என்றாள். முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை.

பிடுங்கின இடத்தில் மூன்று பேரும் மாற்றி மாற்றி வெட்டினோம். பிற்பகல் வெயில். நான் வெட்டினது வளைந்து வளைந்து போனது, பூங்காவனம் பின்னாலேயே வந்து கரையைச் செங்குத்தாகச் சீவினாள். சரிவாக இருந்தால் புழு ஏறிவிடும். புழு வந்து விழ ஆரம்பித்தபோது கோவிந்தனும் வந்துவிட்டான். சாக்குப் பையில் பொடியைக் கட்டித் தட்டினான். தப்பி வந்தவற்றை மண்ணெண்ணெய் டப்பாவில் பொறுக்கிப் போட்டோம். மயிர் பட்டுக் கை, கழுத்து எல்லாம் தடித்து ஒரு வாரம் அரித்தது. சூப்பர்வைசர் சொறியா என்று கேட்டுத் தள்ளி உட்கார்ந்தார். முகமூடி, கையுறை என்று ஒன்றும் கிடையாது, அந்தப் பொடியே பிற்காலத்தில் கூடாது என்று நின்றுபோனது. அப்போது அதெல்லாம் யோசித்தோமா?

மூன்று வரிசை போக மிச்சம் நின்றது. பூ விழுதாகி மண்ணில் இறங்குகிற சமயம், விவசாய ஆலோசனை சொல்ல வருகிற கிராம சேவக் சொல்லி ஜிப்சம் போட்டு மண் அணைத்தோம். "சுண்ணாம்பையா போடறது?" என்று ஊரில் சிரித்தார்கள். கார்த்திகையில் பிடுங்கினபோது அந்த வட்டாரத்தில் பொக்கில்லாத, பருப்பு நிறைந்த காய் எங்களுடையதுதான். கொத்தைத் தூக்கினால் மண்ணோடு கனத்தது.

காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது கலியபெருமாள் வரப்பில் வந்து நின்றார். "விதைக்குக் கொஞ்சம் வேணும். வெல குடுத்துடறேன்" என்றார், என்னைப் பார்த்து. நான் பூங்காவனத்தைப் பார்த்தேன்.

"தரேங்க. காய வெச்சி வூட்டுல வெச்சிருப்பேன். வந்து வாங்கிக்குங்க."

"கோவிந்தங்கிட்ட குடுத்து அனுப்பு."

"அவரு ஷிப்டுல இருப்பாருங்க. நீங்களே வாங்க."

அவள் தெருவுக்குள் அவர் வந்ததே இல்லை. ஆள் வேண்டுமென்றால் முனையில் நின்று கூப்பிடுவதுதான் வழக்கம். வரமாட்டார் என்று கோவிந்தன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் பங்கை எடுக்க நானும் சரோஜாவும் பூங்காவனம் வீட்டுக்குப் போயிருந்த அன்று காலையில், கலியபெருமாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. பூங்காவனம் முக்காலியை எடுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் எங்கள் கையிலிருந்த தம்ளர்களைப் பார்த்தார். அப்புறம் சொம்பை வாங்கி, அண்ணாந்து, முழுவதையும் குடித்தார். ஒரு காயை உடைத்துப் பருப்பைப் பார்த்தார். "கெட்டியா இருக்கு" என்றார். அவள் மரக்காலில் அளந்து, மேலே இரண்டு கை சேர்த்தே போட்டாள். பணத்தைக் கொடுத்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினவர் வாசலில் நின்று, "வரேம்மா" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தெருமுனையைத் தாண்டினபிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. அழுதாளா சிரித்தாளா என்று, பின்னாலேயே உள்ளே போய் வந்த சரோஜாவிடம் கேட்டேன். "ரெண்டுந்தான், நீங்க பேசாம இருங்க" என்றாள்.

இன்னும் சில பட்டம் விதைத்தோம். எண்பதுகளில் புதுச் சுரங்கத்துக்கு அந்தப் பக்கத்து நிலங்களை எடுத்தார்கள். ஊர் கலைந்தது. கலியபெருமாள் மகளோடு பண்ருட்டிக்குப் போனதாகச் சொன்னார்கள். கோவிந்தன் பெர்மனன்ட் ஆனான். பூங்காவனம் அதற்குப் பிறகு எதையும் விதைக்கவில்லை, இடமில்லை. ரிட்டயர் ஆவதற்கு முன் ஒருமுறை பம்ப் வேலையாக அந்தச் சுரங்கத்து விளிம்பில் நின்றேன். எங்கள் கொல்லை எங்கே இருந்திருக்கும் என்று கையை நீட்டிப் பார்த்தேன். வேப்பமரமில்லை, தெருவில்லை. அவர் கொல்லை, எங்கள் கொல்லை, நடுவிலிருந்த வரப்பு, எல்லாம் ஒரே பள்ளம்.