ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள்

அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானத்தில்தான் அந்த யோசனை தோன்றியது. எர்ணாவூர் தாண்டி, துறைமுகக் கண்டெய்னர் யார்டின் கேட்டுக்கு முன்னால் டிரெய்லர்கள் வரிசையாக நின்றிருந்தன. அண்ணன் வண்டி நாலாவது. கேட்காரர் ஒவ்வொரு வண்டியின் பின்பக்கமும் போய், கண்டெய்னர் கதவில் மாட்டியிருந்த, எண் பொறித்த சீல் பூட்டை விரலால் அசைத்துப் பார்த்தார். கையிலிருந்த கருவியில் வண்டியின் நுழைவு டோக்கனைச் சரிபார்த்தார். போ என்று கைகாட்டினார். யாரும் கதவைத் திறக்கவில்லை. தொழிற்சாலையில் பூட்டியது, கப்பல் போய்ச் சேரும் ஊரில்தான் திறக்கும்.

டிபன் கேரியரை நீட்டியபடி நின்றுவிட்டேன். சோத்தைக் குடு மொதல்ல, அப்பால கனவு காணு என்றான் அண்ணன்.

அந்த டோக்கனைக் கொடுக்கும் மென்பொருளை எழுதுவது எங்கள் ஆபீஸ். தண்டையார்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு மேல்மாடி. எங்கள் தொழிலிலும் கண்டெய்னர் உண்டு. ஒரு நிரலையும், அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி, வாடகைக்கு எடுத்த கிளவுட் இயந்திரங்களில் ஓட்டுவது. ஆனால் நாங்கள் சோதிக்க ஒரு முறை கட்டினோம், ஓட்டுவதற்கு இன்னொரு முறை கட்டினோம். வியாழக்கிழமை தோறும் புது மாற்றங்களை ஏற்ற, சீனியர் ஒரு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். ஒரு வரி விட்டுப்போனால் அன்றைக்கு யார்டு ஸ்தம்பித்துவிடும். சோதித்தது ஒரு பெட்டி, ஓடுவது வேறொரு பெட்டி. நடுவில் நாங்களே கதவைத் திறந்து சரக்கைக் கலைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு தடவை கட்டு, பூட்டு, அதே பெட்டியைச் சோதனையிலிருந்து கேட்வரை தானாக நகர்த்து. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டையில் இறங்குவதற்குள் மனசுக்குள் முக்கால்வாசி முடித்துவிட்டேன்.

செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. எழுதியதை அனுப்பினால் சோதனைகள் தானாக ஓடும், பெட்டி கட்டப்படும், கிடங்கில் சேரும், இயந்திரங்களுக்குப் போகும். மேலாளர் ஒரே ஒரு வியாழக்கிழமை தந்தார். சொதப்பினால் பழையபடி நோட்டுதான் என்றார். சீனியர் நோட்டை மூடாமலே சொன்னார், "நீ பொத்தான அமுக்கிட்டு டீ குடிக்கப் போய்டுவ. ரோட்டுல நிக்கிறவன் என்னைத்தான் திட்டுவான்."

மத்தியானம் இரண்டரைக்கு அமுக்கினேன். திரையில் எல்லாம் பச்சை. அந்த வாரம் டோக்கன் எண்ணின் அமைப்பை மாற்றியிருந்தோம். சோதனையில் அது அழகாக வேலை செய்தது. நான் டீ குடிக்கப் போகவில்லை.

மூன்று மணிக்கு யார்டிலிருந்து முதல் போன். ஒரு வண்டி போகிறது, அடுத்த வண்டியின் டோக்கன் செல்லாது என்கிறது. எதையும் பார்க்காமலே நெட்வொர்க் கோளாறு என்று அடித்துச் சொன்னேன். மூன்றேகாலுக்கு மறுபடி அமுக்கினேன். மறுபடியும் பச்சை. போன்கள் நிற்கவில்லை. அந்த கேட்டில் ஒரு வழக்கம்: டோக்கன் செல்லாவிட்டால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். பிறகு சரியானாலும் பழைய இடம் கிடைக்காது. வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான்.

மூன்றரைக்கு அண்ணன் கூப்பிட்டான். அவன் பெட்டி ஐந்து மணிக்குள் உள்ளே போகவேண்டும். ஐந்துக்கு அந்தக் கப்பலுக்கான கேட்டை மூடிவிடுவார்கள். விட்டால் அடுத்த கப்பல் வரும்வரை வண்டியும் அவனும் ரோட்டில்தான்.

"இன்னாமே, உன் ஆப்பு செல்லாதுன்னுது. ஓரங்கட்ட சொல்றான்."

"செத்த இருண்ணா. பாத்துகினு இருக்கேன்."

"நீ பாத்துகினே இரு. மணி ஓடிகினு கீது."

போனை அணைக்காமல் டேஷ்போர்டில் வைத்துவிட்டான். அந்தப் பக்கம் நடப்பது எல்லாம் கேட்டது. கருவியை நம்பாமல் கேட்காரர் கையெழுத்து நோட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். இதே பெட்டி எண் திங்கட்கிழமையே உள்ளே வந்ததாக எழுதியிருக்கிறதே, இது எப்படி வெளியே நிற்கிறது என்று கேட்டார். அண்ணன் குரல் உயர்ந்தது. "நைனா, பொட்டி நம்பரு அது பொறந்ததுலேர்ந்து அதேதான். ஒவ்வொரு நடைக்கும் மாறுறது சீலுதான். சீலைப் பாருபா."

கிடங்கைத் திறந்து என் பெட்டிகளின் பெயரைப் பார்த்தேன்.

நான் எல்லாப் பெட்டிக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். போன வாரத்துக்கும் அதே பெயர், இந்த வாரத்துக்கும் அதே பெயர். கூட்டம் அதிகம் என்று அன்று காலை மூன்றாவதாக ஒரு இயந்திரம் சேர்த்திருந்தோம். அதனிடம் எதுவும் இல்லாததால் புதுப் பெட்டியை இறக்கிக்கொண்டது. மற்ற இரண்டும், இந்தப் பெயரில்தான் நம்மிடமே ஒன்று இருக்கிறதே என்று பழையதையே ஓட்டின. புதியது கொடுத்த டோக்கன் பழையதுக்குப் புரியவில்லை. சோதனையில் இருந்தது ஒரே இயந்திரம். அங்கே யாரோடு யார் முரண்படுவது? அதனால்தான் எல்லாம் பச்சையாகவே காட்டியது.

போன வாரப் பெட்டிக்கே திரும்பிப் போகலாம் என்றால், கிடங்கில் அந்தப் பெயரின் கீழ் இருப்பது புதியது. சீனியர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். அதன்படி போனால் ஒரு மணி நேரமாவது ஆகும். ஆனால் பெட்டி கட்டும்போது தானாகவே ஒரு நீள எண் விழும், சீல் மாதிரி. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். நான் அதை ஒருநாளும் கவனித்ததில்லை. போன வாரப் பதிவைத் தோண்டினேன். சீனியர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் தட்டத் தட்ட அவர் எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பெயரை எடுத்துவிட்டு அந்த எண்ணைக் கொடுத்து அனுப்பினேன். முதல் இயந்திரம் அந்த எண்ணுக்கு வந்தது. இரண்டு. மூன்றாவது இழுத்தது. நாலு முப்பத்தைந்துக்கு மூன்றும் ஒன்றாகின.

டோக்கன்கள் செல்லத் தொடங்கின. அதற்குள் அண்ணன் வரிசையின் வாலில் இருந்தான். அவனுக்கு முன்னால் மூன்று வண்டிகள் இருக்கும்போது கேட் மூடியது.

வீட்டுக்கு வர அவனுக்கு இரண்டு நாள் ஆனது. மேலாளரிடம் நடந்ததை எல்லாம் எழுதிக்கொடுத்தேன், நெட்வொர்க் என்று சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் நோட்டுக்குத் திரும்பச் சொல்லவும் இல்லை, பாராட்டவும் இல்லை. இன்னொரு வியாழக்கிழமை தந்தார். சீனியர் என் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பது நிபந்தனை. அண்ணனிடம் சொன்னபோது அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியுமா?"

"இந்த தபா ஒவ்வொண்ணுக்கும் தனி சீலுண்ணா."

"பாப்போம். நானும் அன்னிக்கு அந்த கேட்லதான் நிப்பேன். எவன் டோக்கன் நிக்குதுன்னு அங்கேர்ந்தே சொல்றேன்."

வரும் வியாழன் இரண்டு மணிக்கு, புதுப் பெட்டி யார்டின் மற்ற கேட்டுகளை விட்டு, அண்ணன் நிற்கப்போகும் மூன்றாவது கேட்டுக்கு மட்டும் போகும், தனக்கென்று ஓர் இயந்திரத்தில். அது பழைய டோக்கனையும் படிக்கும், புதியதையும் படிக்கும். அடுத்தடுத்து இரண்டு டோக்கன் செல்லாமல் நின்றால், யாரையும் கேட்காமல் போன வாரத்து எண்ணுக்குத் தானே திரும்பவேண்டும். அந்தத் திரும்புதலைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். வேண்டுமென்றே இரண்டு கெட்ட டோக்கன் கொடுத்துப் பார்க்கவேண்டும். நேற்று கொடுத்தேன், திரும்பவில்லை. இன்று மறுபடி கொடுக்கப்போகிறேன்.